குழாய்க்குள் போன கோர்ட்டு உத்தரவு

"பல்வலின்னா வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. பம்பை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஓவர்சீயர் நல்லசிவம்.

தேவாசீர்வாதத்துக்குப் பல்வலியே மறந்துபோனது.

சிவகாசிக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரின் குடிநீர் பம்பு அறையில் அவர் ஆறு வருஷமாகத் தினக்கூலி. எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் வீடு, மறுநாள் புது ஆள் மாதிரி மறுபடி சேர்க்கை. தொடர்ந்து வைத்துக்கொண்டால் நிரந்தரம் கேட்டுவிடுவார் என்று ஆபீசுக்குப் பயம். அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில், "இனி வரவேண்டாம்" என்றே சொல்லிவிட்டார்கள். அவர் மதராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். வழக்கு முடியும்வரை அவரை நிறுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. "ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்" என்று வக்கீல் எழுதியிருந்தார்.

இப்போது, வந்து இரண்டு மாதமே ஆன இந்தப் பேண்டு போட்ட மனுஷன் வீட்டுக்குப் போகச் சொல்கிறார்!

"வலியே இல்ல சார்." வீங்கின கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் ஓவர்சீயர் கிராம்புத் தைலம் கொண்டுவந்தார். "பஞ்சுல நனைச்சு வச்சுக்கோங்க."

மயக்கம் வந்து தூங்கினால் ரிப்போர்ட் எழுதத்தானே! அவர் தலை மறைந்ததும் தேவாசீர்வாதம் தைலத்தை அறை மூலையில் கொட்டினார். சாயங்காலம் உள்ளே வந்த ஓவர்சீயர் மூக்கை உறிஞ்சினார்.

"பேஷா வச்சிருக்கீகளே! வாசம் தூக்குது. நாளைக்குப் பெரிய சீசாவா வாங்கியாரேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, அந்தக் கோர்ட்டு காகிதத்தை ஒருக்கா காட்டுவீகளா?"

"வீட்டுல இருக்கு சார்." காகிதம் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சுவரில் குழந்தை இயேசு படம் போட்ட புதுக் காலண்டர்.

"உங்க ஓவர்சீயர் குடுத்துட்டுப் போனாரு" என்றாள் மனைவி ஞானபூரணி. "ஏதோ காகிதம் கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னேன்."

தேவாசீர்வாதம் காலண்டரைக் கழற்றி, எந்தத் தேதியிலாவது குறி இருக்கிறதா என்று பன்னிரண்டு மாதத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரு அன்பாத் தந்தா, அன்புன்னு வாங்கிக்கிட்டா என்னங்க? ஆண்டவர் படத்துலயுமா சந்தேகம்?"

"உனக்கு ஆபீசு தெரியாது."

வீட்டுக்கே வந்துவிட்டான் என்றால் இடுப்பைத் தடவ எவ்வளவு நேரமாகும்? விடிந்ததும் உத்தரவைச் சுருட்டி, பம்பு அறைச் சுவரில் சாய்த்திருந்த உபரிக் குழாய்க்குள் செருகினார். மனசு லேசானது. மத்தியானம் கிணற்றடிக்குப் போய் உப்புத் தண்ணீரில் நிதானமாக வாய் கொப்பளித்தார்.

திரும்பி வந்தபோது உபரிக் குழாய் இல்லை.

"பழைய குழாய் ஒழுகிச்சு" என்றார் ஓவர்சீயர், கையைத் துடைத்தபடி. "வலியோட நீங்க எதுக்குச் செரமப்படணும்னு நானே மாட்டிட்டேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தேவாசீர்வாதம் அலறிக்கொண்டு, வெளியே அந்தக் குழாய்த் தண்ணீர் விழும் தொட்டிக்கு ஓடினார். குழாய் ஒருமுறை இருமியது. ஹைகோர்ட்டு உத்தரவு தொட்டியில் விழுந்து மிதந்தது.

ஓவர்சீயர் பேண்டோடு தொட்டிக்குள் குதித்தார். காகிதத்தைக் கிழியாமல் எடுத்துவந்து, சூடான மோட்டாரின்மேல் விரித்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, வழக்கு எண், வக்கீல் பெயர் என்று ஒவ்வொரு வரியாக எழுத ஆரம்பித்தார்.

ஆறு வருஷத்துக் கோபமும் தேவாசீர்வாதத்தின் தொண்டைக்கு வந்துவிட்டது. "இதுக்குத்தானவே தைலம்! இதுக்குத்தானவே காலண்டர்! எம்புட்டு நாளா இதுக்குக் காத்திருந்தீரு?"

"ரெண்டு மாசமா அண்ணாச்சி." ஓவர்சீயர் தலை குனிந்தது.

தொட்டியடியில் கூட்டிக்கொண்டிருந்த மூக்கம்மாள் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளைய ஏண்ணே வையுறீக? அவரும் உங்களாட்டம் தினக்கூலிதான். இந்த மாசத்தோட நிப்பாட்டுறாகளாம், கோர்ட்டுக்கு எப்படி எழுதிப் போடணும்னு உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அலையுதாரு!"