வார்த்தைக்கு நடுவே ஒரு விரல்

எழுத ஆரம்பித்து அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை, மாசிலாமணிக்குக் கட்டைவிரல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"சார், கை வலிக்குதுங்களா? நிறுத்தட்டா?" என்றாள் ஜெசிந்தா.

"யாருக்கு வலிக்குது? நீ பாட்டுக்குச் சொல்லும்மா" என்றார் மாசிலாமணி. சொல்லிவிட்டு, கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் நீவிவிட்டுக்கொண்டார்.

பரீட்சை ஜெசிந்தாவுடையது. பிளஸ் டூ வரலாறு. அவள் வாயால் சொல்ல வேண்டும், அவர் கையால் எழுத வேண்டும். விழுப்புரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் விலங்கியல் லேபை அவர்கள் இரண்டு பேருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அலமாரியில் சீசாவுக்குள் சுருண்டிருந்த ஒரு பாம்பு, மாசிலாமணி எழுதுகிற அழகையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பு டீச்சர் இந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் பொதுவாக வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தாவுக்குப் பாடமெல்லாம் தலைகீழாகத் தெரியும். கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். அதையே எழுதச் சொன்னால் போச்சு. எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும், வரி மேலே போகும், விரல் மரத்துவிடும். போன வருஷம் தன் கையாலேயே எழுதினாள். திருத்தியவர்களுக்கு ஒன்றும் விளங்காமல் வரலாற்றில் பெயில். அதற்குப் பிறகுதான் அவள் அம்மா சவுரியம்மாள் மரக்காணம் உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டு, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனாள். இது சோம்பேறித்தனம் இல்லை, டிஸ்கிராபியா என்று ஒரு குறைபாடு என்று டாக்டர்கள் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். இந்த ஒரு பேப்பர் தேறினால் சட்டக் கல்லூரிக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் அம்மாவோடு உப்பளம்தான்.

மாசிலாமணிக்கு இதில் துளிக்கூட நம்பிக்கை இல்லை.

"கையெழுத்து வரலைன்னா அதுக்குப் பேரு சீக்காடி? எனக்கும்தான் வரலை. ஸ்கேலைத் திருப்பிப் புடிச்சு விரல் மொளியிலயே போட்டாங்க. நான் என்ன சர்ட்டிபிகேட்டா வாங்கிக்கினு வந்தேன்?" என்று காலையில் மனைவியிடம் முழங்கிவிட்டுத்தான் திண்டிவனத்தில் பஸ் ஏறினார்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பி.டி. மாஸ்டர். அவர் விசில் ஊதினால் மைதானமே நிற்கும். அவர் எழுதி மட்டும் யாரும் பார்த்ததில்லை. அட்டெண்டன்ஸை வகுப்பு லீடர் எழுதுவான். பேங்க் சலானை மனைவி எழுதுவாள். வெளியூரில் மாட்டிக்கொண்டால், "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

இவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று கேட்கலாம். பரீட்சையில் எழுதித் தருகிற ஆசிரியர் அந்தப் பாடம் நடத்தாதவராக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பதிலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று பயம். மாசிலாமணி எந்தப் பாடமும் நடத்தாதவர். இவரைவிடச் சுத்தமான கை கிடைக்காது என்று அலுவலகத்தில் பெயரைப் போட்டுவிட்டார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி, போய் அந்தப் பெண்ணின் நடிப்பைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவோம் என்று கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே வந்தாள். அந்த வேகத்தைப் பார்த்து, "மெஷின் கணக்கா உரிக்குதே பொண்ணு" என்று மெச்சிக்கொண்டார். லேபுக்குள் அதே பெண் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு வேகமாக உரிக்கிற விரலுக்கு எழுத மட்டும் வராதா? கேஸ் முடிந்தது!

திட்டம் இதுதான். வேண்டுமென்றே மெதுவாக எழுத வேண்டும். நேரம் போகப் போக அவளுக்குப் பொறுக்காது. பேனாவைப் பிடுங்கித் தானே எழுதிவிடுவாள். அப்போது பிடித்துக்கொள்ளலாம். எழுத ஆரம்பித்த பிறகுதான் மெதுவாக எழுதுவதற்குத் திட்டமே தேவையில்லை என்று தெரிந்தது.

பேனாவைத் தவறவிடுவது போலக் கீழே போட்டார். ஜெசிந்தா சட்டென்று குனிந்து எடுத்து நீட்டினாள்.

"பேனா புடிக்க வருதே உனக்கு!"

"புடிக்க வரும் சார். அது நான் சொன்ன பேச்சைக் கேக்காது, அவ்ளோதான்."

அடுத்த கேள்வி வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். தலைப்பு, துணைத்தலைப்பு, எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எங்கே அடிக்கோடு போட வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னாள். மொத்தப் பதிலும் அவள் தலைக்குள் அச்சடித்துத் தயாராக இருந்தது. மாசிலாமணி வாயைப் பிளந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ஹெட்மாஸ்டர்கூட இப்படிக் கோவையாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"சார், எழுதலீங்களா?"

"எழுதிக்கினுதான் இருக்கேன்!"

எழுதியதைக் குனிந்து பார்த்தார். அவராலேயே படிக்க முடியவில்லை. சரி, பெரிதாக எழுதுவோம் என்று எழுதினார். ஒரு பக்கத்துக்கு நாலே வரி வந்தது, கூடுதல் தாள் கேட்க வேண்டியதாயிற்று. சின்னதாக எழுதினார். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்த களியாகிவிட்டது. அழுத்தி எழுதினார். பேனா முனை உள்ளே போய்விட்டது.

தண்ணீர் கொண்டுவந்த ஆயா தைலம்மாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தாள். அது மை கக்கியது; துடைத்துத் துடைத்து எழுதினார்.

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். பாதிக் கேள்விகூட முடியவில்லை. பாவம், இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் இந்த வருஷமும் போய்விடும். போனால் அதற்குக் காரணம் இவளுடைய கை இல்லை. அவருடைய கை. பிடித்துக் கொடுக்க வந்தவர் என்பதே அவருக்கு மறந்துபோனது.

"பேஜாராப் போச்சும்மா. என்னால உன் பரீட்சை கெட்டுப் போவுது" என்றார்.

ஜெசிந்தா பதறவில்லை. "சார், பேனாவை இறுக்காதீங்க. தோளைத் தளர உடுங்க. மூச்சை அடக்கிக்கினு எழுதுறீங்க, மொதல்ல மூச்சு உடுங்க. ஒரு வார்த்தை முடிஞ்சா ஒரு விரல் எடம் உடணும். பரவால்ல, நானே வெக்கிறேன்."

அவள் ஆள்காட்டி விரலைத் தாளில் வைத்தாள். அவர் ஒரு வார்த்தை எழுதினார். விரல் நகர்ந்தது. விரலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வார்த்தை. மறுபடி விரல். அவள் அவர் கையைப் பார்த்துப் பார்த்து, அது இளைப்பாறும் இடத்தில் நிறுத்தி, நகரும் இடத்தில் சொன்னாள். வரி நேராக ஓடியது. மாசிலாமணியால் தன் எழுத்தைப் படிக்க முடிந்தது! மைதானமாக இருந்தால் விசிலே அடித்திருப்பார்.

அப்போதுதான் பறக்கும் படை உள்ளே நுழைந்தது. படை என்றால் ஒரே ஆள்தான், சக்கரபாணி. ஜில்லாவில் அவர் பெயரைச் சொன்னால் பிட்டுக் காகிதம் தானாகக் கிழியும் என்பார்கள்.

"பரீட்சை எழுதுற பொண்ணு கை ஏன் தாள்மேல இருக்குது?" என்றபடி விடைத்தாளை எடுத்தார். முதல் பக்கங்களைப் புரட்டினார். முகம் சுளித்தது. "இதை யாரு எழுதுனது?"

"நான்தான் சார்" என்றார் மாசிலாமணி.

"நீங்க வாத்தியாரு சார். இது வாத்தியார் எழுத்தா? ஏம்மா, இந்தக் காகிதத்துல ரெண்டு வரி எழுது."

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சக்கரபாணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே ஏற்றம், அதே சரிவு, அதே பிசைந்த களி.

"ரெண்டும் ஒரே கை! சர்ட்டிபிகேட்டைக் காட்டி ஒரு மணி நேரம் கூடுதலா வாங்கிக்கினு, நீயே எழுதிக்கினு கிறே. சார் வேடிக்கை பாத்துக்கினு கிறாரு. இந்தப் பேப்பர் கேன்சல்."

"ஐயோ சார், நான்தான் எழுதினேன்! வேணும்னா இப்ப எழுதிக் காட்டறேன்" என்று அலறினார் மாசிலாமணி.

"எழுதுங்க. விழுப்புரம்னு எழுதுங்க."

ஒரு பெரிய மனிதர் பார்க்க அவர் எழுதிப் பல காலம் ஆகியிருந்தது. மோசமான எழுத்தை யாருக்கும் காட்டாமல் வாழ்க்கை முழுக்க மானத்தைக் காப்பாற்றிய பழக்கம் அந்த நேரத்திலா விட்டுப்போகும்? வியர்வை வழிய, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோவில் கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பது போல ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். 'விழுப்புரம்' அச்சாக வந்து விழுந்தது.

சக்கரபாணி சிரித்தார். "பாத்தீங்களா? உங்க எழுத்து முத்து முத்தா இருக்குது. அப்ப அது இந்தப் பொண்ணு எழுதுனதுதான்!"

வாழ்நாளிலேயே முதல்முறையாக யாரும் உதவாமல் ஒரு வார்த்தையை நன்றாக எழுதி, மாசிலாமணி ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், ஒரு வார்த்தை எனக்கும் நல்லா வரும். கோலம் போடற மாதிரி நிதானமா போட்டா வந்துரும். அந்த ஒத்த வார்த்தையை வெச்சுக்கினுதான் எல்லாரும் என்னை நடிக்கிறேன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தையில ஒண்ணும் தெரியாது சார். நான் பத்து வரி வேகமா சொல்றேன். சார் எழுதட்டும். அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

சக்கரபாணி கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லு."

"உப்பு எடுக்கப் போறவங்களுக்குச் சோறும் எடமும் குடுத்தா தண்டனைன்னு அரசாங்கம் மெரட்டுச்சு" என்று ஆரம்பித்தவள், உடனே பரீட்சைத் தமிழுக்கு மாறினாள். "மக்கள் அஞ்சவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்..."

முதல் வரி ஒழுங்காக நின்றது. இரண்டாவது வரி சாய்ந்தது. மூன்றாவது மேலே ஏறியது. அதற்குப் பிறகு எழுத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. மாசிலாமணியின் விரல்கள் வெளுத்து, கட்டைவிரல் மறுபடியும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. இந்த மோசமான எழுத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக ஆசைப்பட்டு எழுதினார்.

சக்கரபாணி மூன்று தாள்களையும் பார்த்தார். சீசாவிலிருந்த பாம்பையும் ஒருமுறை பார்த்தார். "போதும் சார், போதும். நீங்கதான் எழுதுனது" என்றார் மெல்லிய குரலில். "ஏம்மா, வேற யாரையாவது எழுதப் போடட்டுமா?"

"வேணாம் சார். மத்தவங்க நான் சொல்றத எழுதுவாங்க, ஆனா அவங்க வேகம் எனக்குத் தெரியாது. இவரு கை எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியும். எடம் உட மட்டும் என் விரலுக்கு அனுமதி குடுங்க."

சக்கரபாணி அனுமதி கொடுத்தார். வீணாக்கிய நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "இப்படி வாதாடறியே, வக்கீலுக்குத்தானே படிக்கப் போறே? போ, நல்லா இரு" என்று போனார்.

அப்புறம் விரலும் பேனாவுமாக எல்லாக் கேள்வியையும் ஓட்டி முடித்தார்கள். படிக்க முடியாமல் போன முதல் பக்கங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு அந்தப் பதில்களையும் புதிதாக எழுதினார்கள். தாள்களைச் சேர்த்துக் கட்டும்போது கண்காணிப்பு டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாப் புரியுதே" என்றார். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்த்தையை அவர் எழுத்துக்கு யாரும் சொன்னதில்லை.

வாசலில் சவுரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்பொண்ணு நடிக்கிறாள்னு சொல்லாத ஒரே வாத்தியாரு நீங்கதாங்க." அவித்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றையும் கையில் திணித்தாள். மாசிலாமணி தலையை நிமிர்த்தாமல் வாங்கிக்கொண்டார். "உன் பொண்ணு மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்லம்மா" என்றார். அது முழு உண்மை.

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு, பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை.

தைலம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். "சார், முனை உள்ள போன உங்க பேனாவை உட்டுட்டு வந்துட்டீங்க." பொட்டலத்தை வாங்கி அவளே பிரித்து, ஒவ்வொன்றாக உரித்து அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகங்க சார்."

"என்னம்மா?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு நீங்க வந்து எழுதுனீங்க. நீங்க படிக்கறப்ப உங்களுக்கு யாருங்க சார் வந்து எழுதுனது?"