கோகிலாவின் பின்னலை முற்றுகையிட்ட படலம்

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகளின் திலகமே, பூண்டு தீண்டாச் சாம்பாரின் புரவலனே, மாணிக்கவாசகம் என்னும் மாவீரனே, வாழி! நின் வலக்கையில் மின்னும் சவரக்கத்தி வாழி! அக்கத்தி பேன்குலத்தின்மேல் படையெடுத்த பெருங்கதையைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க. தலைமாட்டில் மட்டும் அமராதிருக்க, அங்கே தொற்றும்.

ஜப்பானியரின் நிப்பொன் கொடி மலாக்காவின்மேல் பறந்து, ஊர்க் கடிகாரங்களெல்லாம் தோக்கியோ நேரம் காட்டிய காலம் அது. கோகிலா, மல்லிகா என்னும் இரு சிறுமியரின் தகப்பன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டான். திரும்பி வந்தது அவன் இறந்த சேதி மட்டுமே. பின்னாலேயே தாயும் மலேரியாவில் மாய்ந்தாள். ஆசியா முழுவதையும் விடுவிக்கப் புறப்பட்ட பேரரசு, கிடங்கில் அடைபட்டுக் கிடந்த கொயினா மருந்தை விடுவிக்க மறந்துவிட்டது.

மலாக்காவின் காஜா பேராங் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்து தங்கியவர் இருவர். ஒருவன் தாய்மாமன் மாணிக்கவாசகம். இருபதாண்டு மலாயாவில் இருந்தும் மலாய்ச் சொல் ஒன்றுகூட நாவில் படாமல் காத்த நெறியாளன். மற்றவள் தகப்பனின் தமக்கை நாகம்மா. தலைமுறைகளாய்த் தமிழ் மறந்த மலாக்கா செட்டிக் குலக்கொடி, கெபாயா தரித்த கொற்றவை, பெலாச்சான் என்னும் இறால் விழுது மணக்கும் பெருந்தகை, மலாயில் ஏசி மலாயிலேயே முருகனையும் வேண்டுபவள். பிள்ளைகளை அவள் கொண்டுபோவாள் என்று அவனும், அவன் கொண்டுபோவான் என்று அவளும், பெருந்தன்மையில் ஒருவரையொருவர் விஞ்சிக் காத்திருந்தனர். காரியம் முடிந்தது. மாதமும் கழிந்தது. இருவரும் கிளம்பியபாடில்லை.

சோப்பு அருகிய அந்நாளில் பேன் பெருகியது. நான்கு வயது மல்லிகாவின் குட்டைமுடி நாகம்மாளின் பேன்சீப்புக்கு ஒரே காலையில் அடிபணிந்தது. ஒன்பது வயதுக் கோகிலாவின் தலையோ கோட்டை. காய்ச்சலில் வீழுமுன் தாய் கடைசியாகப் போட்ட நாலுகால் பின்னல் அது, அன்றிலிருந்து அவிழ்க்கப்படவில்லை. தொடவந்த கைகளெல்லாம் கடிபட்டன. உள்ளே பேன்படை குடியும் குடித்தனமுமாய், குஞ்சும் ஈருமாய்ச் செழித்தது.

"கேளுங்கள்! இன்று பொழுது சாயுமுன் அக்கோட்டை தரைமட்டமாகும்! மொட்டையே முக்தி!" என்று அடுக்களை வாசலில் நின்று முழங்கினான் மாணிக்கவாசகம்.

"அலாமாக்! புடாக் பெரம்புவானுக்கு மொட்டையா? மானா போலே!" என்று சீப்பைக் கதாயுதமென ஓங்கினாள் நாகம்மா. பெண் குழந்தைக்கு மொட்டையா, முடியவே முடியாது என்பது அதன் பொருள். சீவித்தான் ஆகவேண்டும் என்பது அவள் கட்சி. சிரைத்தால்தான் தீரும் என்பது அவன் கட்சி. கோட்டையின் கருத்தை இருவரும் கேட்கவில்லை.

கோகிலா கட்டிலடியில் புகுந்தாள். கத்தியோடு அவன் இப்புறமும் சீப்போடு அவள் அப்புறமும் மண்டியிட்டு, மதங்கொண்ட களிறுகள் மலைக்குகையை வளைத்தாற்போல் தவழ்ந்து நுழைய, கோகிலா சட்டென்று குறுகி ஒதுங்க, இரு தலைகளும் இடியென மோதின. மாமன் சுதாரித்து நீட்டிய விரல் பற்களுக்கிடையே சிக்கியது. வீரன் அலறினான். மல்லிகா கைதட்டிச் சிரித்தாள்.

இருளிலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா பின்னுனது மாமா. அவுத்துட்டா அப்புறம் யாரு பின்னுவா?"

போர்முரசு ஓய்ந்தது. குப்புறக் கிடந்தபடியே மாமன் கத்தியை மடக்கினான்.

"உங்கம்மாவுக்குச் சின்ன வயசுல இந்தப் பின்னலப் போட்டதே நாந்தான் கண்ணு. அப்ப எங்களுக்கும் அம்மா இல்ல."

"பொய்."

"வெளிய வா. பின்னிக் காட்டுறேன்."

நாகம்மாளுக்குப் பாதிதான் விளங்கியது. ஆயினும் அவள் ஓங்கிய சீப்பைத் தாழ்த்தி, கட்டிலைத் தூக்கி வழிவிட்டாள்.

பின்பு நிகழ்ந்தது சங்காரம். மாமன் ஒவ்வொரு காலாக அவிழ்த்தான், கோகிலா பல்லைக் கடித்து அழுதாள், நாகம்மா சீவினாள். அவளது கட்டைவிரல் நகங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகப் பேன்கள் வீரசொர்க்கம் எய்தின. சற்றுமுன் குலத்தோடு அழிப்பேன் என்று முழங்கிய சைவச் செம்மலோ, நகத்தின் ஒவ்வொரு 'டிக்'குக்கும் கண்ணை மூடிக்கொண்டு "சிவ சிவ" என்றான்.

எல்லாம் முடிந்தபின் அவன் பின்னினான். விரல்கள் இருமுறை வழிதப்பி, மூன்றாம் முறை நினைவுகூர்ந்தன. பின்னல் சற்றே கோணலாக இறங்கியது. கோகிலா கையைப் பின்னால் கொண்டுபோய் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

"அம்மா போட்டா இன்னும் இறுக்கமா இருக்கும்."

"நாளைக்கு இறுக்கிப் போடுறேன்."

"பெசோக் நானும் படிக்கும், தம்பி," என்று மாணிக்கவாசகத்திடம் தன் கையிருப்புத் தமிழையெல்லாம் திரட்டி அறிவித்தாள் நாகம்மா, நாளைக்குத் தானும் அந்தப் பின்னலைக் கற்பதாக. காஜா பேராங் வானம் அதிர, திசைகள் எட்டும் நடுங்க, ஈரேழு உலகங்களும் வியக்க, இங்ஙனம் அவ்விருவரும் ஊர்திரும்பும் எண்ணத்தைக் கைவிட்ட மாபெரும் உடன்படிக்கை உருவானது.

மறுநாள் மாமாவுக்கும் தலை அரித்தது.