இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

இந்நாட்டின் குடியுரிமை கோரும் அந்நியர், அரசியல் சட்டம், ஆட்சிமுறை, தேசிய கீதம் ஆகியவை பற்றிய இருபத்தைந்து கேள்விகளுக்கு விடையளித்தல் வேண்டும் என்பது விதி. இங்கேயே பிறந்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பிறந்ததும் வீறிட்டு அழுதால் போதும், தேர்ச்சி.

ஸ்பெசியோசா அழுதது ஏரிக்கு அக்கரையில். அதுதான் அவள் செய்த பிழை. அங்கே துப்பாக்கிச் சத்தம் தாங்காமல் பத்தொன்பது வயதில் படகேறி வந்தவள், முப்பத்தொரு வருஷமாக இந்தக் கரையில்தான் பொடிமீன் காயப்போட்டு விற்கிறாள். மகன் டியோ பிறந்ததிலிருந்து ஊருக்கு அவள் டியோ அம்மா. அவள் எந்த நாட்டுக்காரி என்று மீன் வாங்கிய யாரும் கேட்டதில்லை. இந்த ஜூன் மாதம் நகராட்சிக்குத் திடீரென்று அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கரையில் மீன் காயப்போடும் பரண்கள் அடுத்த வருஷத்திலிருந்து குடிமக்களுக்கு மட்டுமே என்று பலகை வைத்தார்கள்.

பரண் போனால் டியோ அம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. குடியுரிமை அலுவலகம் கொடுத்த புத்தகத்தை வாங்கி வந்து மூன்று மாதம் படித்தாள். மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே மாகாணங்களை ஒப்பித்தாள். தேசிய கீதத்தின் மூன்றாவது சரணத்தையும் விடவில்லை. அப்படி ஒரு சரணம் இருப்பதே கரையில் யாருக்கும் தெரியாது.

தேர்வு நாளன்று, அவள் வீட்டையும் சேர்த்துப் பத்து வீடுகளுக்குத் தலைவரான சலும் என்பவர் கூடவே வந்தார். அவர் கடிதமும் முத்திரையும் இல்லாமல் அந்தப் பத்து வீட்டில் ஒரு காகிதம் நகராது. அதிகாரி லுபுவா கேள்விகளைக் கேட்டார். ஒவ்வொரு பதிலையும் விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாமும் தெரிந்துகொண்டார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "இது சிக்கலாச்சே, டியோ அம்மா."

"ஏன் ஐயா, எதையாவது தப்பா சொல்லிட்டேனா?"

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே. பதினாலாம் விதியக் கேளுங்க. 'விண்ணப்பதாரரின் அறிவு, அப்பகுதியின் சாதாரணக் குடிமகனின் அறிவை ஒத்திருத்தல் வேண்டும்.' உங்களுது ஒத்திருக்கான்னு பாக்கணும்ல?"

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அறையில் அகப்பட்ட சாதாரணக் குடிமகன் சலும்தான். அவரை உட்காரவைத்து அதே கேள்விகளைக் கேட்டார்.

"தலைவரே, நாடாளுமன்றத்துல மொத்தம் எத்தனை பேரு?"

"வேண்டியதுக்கு மேலேயே இருக்காங்க."

"அரசியல் சட்டம் எப்ப வந்துச்சு?"

"எங்க தெருவுக்கு இன்னும் வரலையே."

"நீதிமன்றத்தோட வேலை என்ன?"

"தள்ளிவைக்கிறது."

அதற்கு லுபுவா மனமிரங்கி அரை மதிப்பெண் போட்டார். கூட்டிப் பார்த்தால் மூன்றரை வந்தது.

"பாத்தீங்களா? உங்களுக்கும் ஒரு குடிமகனுக்கும் நடுவுல இருபத்தொண்ணரை தூரம். மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதறது? இவ்வளவையும் தெரிஞ்சுக்கச் சொல்லி இந்தம்மாவ யார் அனுப்பினாங்கன்னு கேப்பாங்க."

"படிக்கச் சொல்லி புத்தகம் குடுத்ததே நீங்கதானே ஐயா."

"குடுத்தோம். படிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மறுதேர்வுக்கு ஒரு வாரம் தவணை கிடைத்தது. அதுவரை சலும் தினமும் பரணடிக்கு வந்து உட்கார்ந்து, வறுத்த மீனைக் கொறித்தபடி அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"எது கேட்டாலும் மொதல்ல ஒரு பெருமூச்சு விடு. அப்புறம் 'எவன் வந்தா என்ன'ன்னு சொல்லு. பாதிக் கேள்விக்கு அது பொருந்தும்."

"தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்ல நாக்கு கூசுதண்ணே."

"பழகாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை டியோ அம்மா மூன்றரை வாங்கினாள். லுபுவா எழுந்து கை கொடுத்தார். "இப்ப நீங்க நம்ம ஆளு," என்று சான்றிதழை நீட்டினார். அதன் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. சாதாரணக் குடிமகனுக்கு மேற்பட்ட அறிவு இவரிடம் பின்னர் கண்டறியப்பட்டால், இக்குடியுரிமை தானாகவே ரத்தாகும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடுவரை சந்தோஷத்தில் அழுதுகொண்டே போனாள்.

இரண்டு மாதம் கழித்து நகராட்சி லாரி கரைக்கு வந்தது. அந்த இடத்தில் ஒரு விடுதி வரப்போகிறதாம். பரண்களைப் பிரிக்க ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். யாராவது ஆட்சேபித்தால் அவர் குடிமகன்தானா என்று சரிபார்க்க லுபுவாவும் கோப்போடு வந்திருந்தார்.

"இதையெல்லாம் கேக்க சட்டம்னு ஒண்ணு இல்லையா?" என்று சலும் புலம்பினார்.

இருந்தது. கரையில் பிழைப்பவர்களில் ஒரே ஒரு குடிமகன் ஆட்சேபித்தாலும் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கம் டியோ அம்மாவுக்கு அப்படியே மனப்பாடம். ஆனால் வாயைத் திறந்தால் குடியுரிமை போகும், குடியுரிமை போனால் அந்த ஆட்சேபம் செல்லாது. சலுமை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க இங்கயே பொறந்தவரு. உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

சலும் சுற்றுமுற்றும் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தா, நீ எங்கடா பொறந்தேன்னு கேப்பாங்களே, டியோ அம்மா."

அவர் தமக்கு அடுத்து நின்றவனிடம் குசுகுசுத்தார். அவன் தன் மச்சானிடம் சொன்னான். கால் மணி நேரத்துக்குள் கரை முழுவதும் சட்டம் பரவிவிட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட, சட்டம் தெரிந்து கத்துவதாக ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று லுபுவா கேட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டியோ அம்மாவின் பரண்தான் முதலில் சாய்ந்தது. லுபுவா பேனாவை எடுத்து, இப்பகுதியில் அனைவரும் சாதாரணக் குடிமக்களே என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.