டாக்சியின் கடைவாய்ப் பல்

நபுகோலி நகராட்சி மன்றம் தேநீர் இடைவேளைக்கு முன்பே ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் இது: நகர எல்லைக்குள் வசிக்கும் ஒவ்வொரு நாயும் சுத்தமான பற்களும் உறுதியான ஈறுகளும் உடையதாக இருத்தல் வேண்டும்.

மேயர் அப்போதுதான் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். அந்த ஊர் நாய்கள் பளபளவென்று பல்லைக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, தம் ஊர் நாய்களை நினைத்து அங்கேயே மேடையில் அழுதாராம். மனம் இளகிய ஒரு சங்கம் நாய்ப் பல் சிகிச்சைக் கூடம் ஒன்றை நன்கொடையாக அனுப்பிவைத்தது. சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு, பல் சுரண்டும் இயந்திரம், மயக்க ஊசி என்று எல்லாம் வந்து இறங்கின.

மனிதர்களுக்கும் நபுகோலியில் ஒரு பல் நாற்காலி உண்டு. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கிடக்கிறது. பல் டாக்டர் மாற்றலாகிப் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது அதில் ஒரு கோழி அடைகாக்கிறது.

ஒலிபெருக்கி வண்டி இந்த அறிவிப்பைக் கூவிக்கொண்டு போனபோது, நைகாகா தன் மக்காச்சோளத் தோட்டத்தில் குரங்கை நோக்கிக் கல் வீசிக்கொண்டிருந்தாள். குரங்கு விரட்டுவது அவள் வேலை அல்ல. அது டாக்சியின் வேலை. குட்டியாக ஒரு டாக்சிக்கு அடியில் கிடைத்ததால் நாய்க்கு அந்தப் பெயர். டாக்சி ஒரு குரை குரைத்தால் குரங்குக் கூட்டம் காட்டுக்குள் ஓடிவிடும். ஆனால் ஒரு மாதமாக அதற்கு ஈறு வீங்கி, வாய் நாறி, குரைக்க வாயைத் திறந்தாலே முனகல்தான் வந்தது. சோள மாவுக் களியில் மீனைப் பிசைந்து வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். குரங்குகள் அவசரமில்லாமல் கதிரை உரித்துத் தின்றன. நாய் செத்துவிடுமோ என்று நைகாகா பயந்தாள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கிராமச் சேர்மன் முத்திரை போட்ட கடிதம் வேண்டும். நைகாகா சேர்மன் பாலிடாவாவின் வீட்டு வாசலில் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள்.

"வீட்ல எல்லாரும் சுகமா, சேர்மன் ஐயா?"

"சுகம். உன் வீட்ல?"

"சுகம்."

"தோட்டம்?"

"குரங்கு தின்னது போக சுகம் ஐயா. டாக்சிக்குத்தான் வாய் சரியில்ல. ஒரு கடிதம் வேணும்."

பாலிடாவா கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எழுதினார்: 'டாக்சி என்பவர் எனது கிராமத்தில் ஐந்து ஆண்டுகளாக வசித்து வருகிறார். நன்னடத்தை உடையவர். எந்தக் கலவரத்திலும் ஈடுபட்டதில்லை. அவர் ஒரு நாய் என்பதை நான் நேரில் அறிவேன்.' முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"அந்த மிஷின் வலிக்காமப் பிடுங்குமாமே?"

"நாய்க்குத்தானே ஐயா."

"ஆமாமா, நாய்க்குத்தான்," என்று சேர்மன் வீங்கிய கன்னத்தைத் தடவினார். நைகாகா எழுந்து திரும்பும்போது, அவர் இன்னொரு தாளை எடுப்பதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் டாக்சியைக் கயிற்றில் கட்டி அழைத்துப்போனால், கூடத்துக்கு வெளியே ஒரு வரிசை நகராட்சி வாசல் வரை நின்றது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நின்றார். பாதிரியார் நின்றார். இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் முத்திரைக் கடிதம். ஒருவர் கையிலும் கயிறு இல்லை. நாய் என்று சொல்லத்தக்கது டாக்சி ஒன்றுதான். அதைப் பார்த்துப் பாதிரியார் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

எழுத்தர் முகோயா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது? எல்லாம் மனுஷங்களா நிக்கிறாங்க?" என்றாள் நைகாகா.

"மெதுவாப் பேசும்மா. சேர்மன் முத்திரை போட்டு நாய்னு எழுதிட்டா அது நாய். இல்லன்னு சொல்ல நான் யாரு? சேர்மனே நேத்து சாயங்காலம் முதல் நாயா வந்துட்டுப் போயிட்டாரு."

"இது நிஜ நாய்ங்க."

"அப்படியா? பேர் கூப்பிட்டா கை தூக்குமா?"

"தூக்காது."

"எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்லுமா?"

"எப்படிங்க சொல்லும்?"

முகோயா வருத்தத்தோடு பேனாவை மூடினார். "பாரும்மா, இதுவரைக்கும் பத்து நாய் பாத்தாச்சு. எல்லாம் வரிசையில நிக்குது, உக்காருன்னா உக்காருது, வாயத் தொறன்னா தொறக்குது. உன்னோடது என் மேசைக் காலை மோந்து பாக்குது. 'ஒத்துழைக்காத நாய்'னுதான் எழுத முடியும்."

நைகாகா ஆத்திரத்தில் பல்லைக் கடித்தாள். கடித்த மாத்திரத்தில் உயிர் போகிற வலி. அவளுடைய வலது கடைவாய்ப் பல்லும் மூன்று வருஷமாக இரவல் உயிரில் நின்றுகொண்டிருந்தது. கன்னத்தைப் பொத்திக்கொண்ட அவளை முகோயா கனிவோடு பார்த்தார்.

"டாக்சிங்கிற பேர்ல டோக்கன் ஏற்கனவே போட்டாச்சு. வீணாப் போகக் கூடாதுல்ல?"

வேண்டாம் என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். கயிற்றைத் தூணில் கட்டும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கால்நடை டாக்டர் கிருண்டா நல்ல கைராசிக்காரர். பல் வந்ததே தெரியவில்லை. வெளியே வந்தபோது டாக்சி அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. அவளால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதிவேட்டில் இப்படி எழுதப்பட்டது: 'டாக்சி. கீழ் வலது கடைவாய்ப் பல் அகற்றப்பட்டது. அமைதியான நாய். அடுத்த பரிசோதனை ஓராண்டு கழித்து.'

மூன்று வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நாய்கள் குணமடைந்தன. ஒன்றுகூட யாரையும் கடிக்கவில்லை. ஏழாவது நாய் மேயர். இதே மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பல் வலி என்று ஒரு மனிதரும் வராததால், காலியாகக் கிடந்த பல் டாக்டர் பதவி தேவையற்றது என்று ரத்து செய்யப்பட்டது. டாக்சியோ தண்ணீர் குடிக்கவும் மறந்துபோய், விலா எலும்பு தெரியக் கிடந்தது.

அப்போதுதான் நன்கொடைச் சங்கத்தார் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கூடத்தைக் கழுவினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கிருண்டா மெதுவாகக் கேட்டார்: "அவங்களுக்குக் காட்ட நாய்?"

அரை மணி நேரத்தில் மேயரின் கார் நைகாகாவின் சோளக்கொல்லை ஓரம் வந்து நின்றது. முகோயா கதவைத் திறக்க, மேயரே இறங்கினார்.

"நைகாகாம்மா, நகரத்தோட மானம் உன் நாய் வாயிலதான் இருக்கு."

"அந்த வாய் அழுகிப்போய்க் கிடக்குங்க. முதல்ல வைத்தியம் பண்ணுங்க. அப்புறம் மானத்தைப் பாக்கலாம்."

"பதிவேட்டுல டாக்சிக்கு வைத்தியம் முடிஞ்சு போச்சே," என்றார் முகோயா.

"அப்ப பதிவேட்டையே நாற்காலியில உக்கார வச்சுக் காட்டுங்க."

மேயர் முகோயாவைப் பார்த்தார். முகோயா யோசித்தார். "இந்தம்மா பேரு இன்னும் பதிவாகல ஐயா. நாயை அந்தப் பேர்ல எழுதிரலாம்."

அன்றைக்கே கிருண்டா டாக்சிக்கு மயக்க ஊசி போட்டு, அழுகிய முன்பற்கள் இரண்டை எடுத்து, மற்றவற்றைச் சுரண்டிக் கழுவினார். "வெந்த எலும்பு போடாத, பல்லை உடைக்கும்," என்று நைகாகாவிடம் சொன்னார். "தினம் ஈரத்துணியால துடைச்சு விடு. நாம தேய்க்கிற பற்பசை வேண்டாம், அதுங்களுக்கு ஆகாது." நிஜ நாய் ஒன்றின் வாயைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பதிவேட்டில், 'நைகாகா. முன்பற்கள் இரண்டு அகற்றப்பட்டன. வால் ஆட்டியது' என்று ஏறியது.

விருந்தினர் வந்தார்கள், டாக்சியோடு படம் எடுத்துக்கொண்டார்கள், பதிவேட்டின் பிரதியைத் தலைநகருக்கு அனுப்பிப் பாராட்டினார்கள். அங்கேதான் வினை. ஒரே நகரத்தில் நானூற்றுப் பதின்மூன்று நாய்களா என்று தலைநகர் கம்பாலாவில் யாரோ திடுக்கிட்டு, அவசர ஆணை பிறப்பித்துவிட்டார்கள்: பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நாய்க்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக் கழுத்தில் பட்டை கட்ட வேண்டும், வராத நாய்களைப் போலீஸ் பிடித்துவரும்.

குறித்த நாளில் ஊரே நகராட்சி முற்றத்தில் நின்றது. தாங்கள் நாய் இல்லை என்று சொன்னால் பொய்க் கடிதம் கொடுத்த குற்றம். ஆகையால் யாரும் சொல்லவில்லை.

"டாக்சி!" என்று தலைநகரத்து அதிகாரி கூப்பிட்டார்.

நைகாகா நாயை முன்னால் தள்ளினாள். அதிகாரி அதன் வாயைத் திறந்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "கடைவாய்ப் பல் இருக்கே. இது டாக்சி இல்ல. ஆள்மாறாட்டம்! நீ வாயத் தொறம்மா."

அவள் திறந்தாள்.

"இதுதான் டாக்சி," என்று ஊசியை ஏற்றி, அவள் கழுத்தில் பட்டை கட்டினார். அடுத்ததாக "நைகாகா!" என்று கூப்பிட்டதும், முன்பல் இல்லாத வாயோடு நாய் போய் நின்றது. அதற்கும் ஒரு பட்டை.

மதியத்துக்குள் எல்லாருக்கும் ஊசி முடிந்தது. மேயர் தம் பட்டையைக் கோட்டுக் காலருக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"மன்னிக்கணும் ஐயா. பட்டை கட்டின நாய் தனியா வெளிய போகக் கூடாதுன்னு ஆணையில இருக்கு. சொந்தக்காரர் கயித்தப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"அப்ப நீ பிடிடா."

"நான் எண்பத்தெட்டாவது நாய் ஐயா."

கயிறு பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று மேயர் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். சேர்மன் பாலிடாவா, பாதிரியார், தலைமையாசிரியர், முகோயா, நைகாகா என்று பட்டை கட்டாத கழுத்து ஒன்றுகூட இல்லை. அதிகாரியும் கிருண்டாவும் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். ஆணையை மீற ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எல்லாரும் வெயிலில் அமைதியாக நின்றார்கள்.

டாக்சி மட்டும் வாசல் கேட்டுக்கு அடியில் நுழைந்து வெளியே போயிற்று. கொஞ்ச நேரத்தில் சோளக்கொல்லைப் பக்கமிருந்து அதன் குரைப்பு கணீரென்று கேட்டது. குரங்குகள் ஓடின. நைகாகா கேட்டுக்கு உள்ளே நின்றபடி, கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, அதைக் கேட்டுச் சிரித்தாள்.