கிட்னிக்கு வரன் பார்த்த தரகர்

திருநெல்வேலிச் சீமையிலேயே செத்துப்போன கிட்னிக்கு வரன் பார்த்த ஒரே ஆள் தரகர் அண்ணாச்சிதான். முப்பது வருஷம் கல்யாணத் தரகு பார்த்தவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

தன் கிட்னி கெட்டபிறகு, வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார். மெஷினில் நாலு மணி நேரம். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் வராந்தாவில் தரகு. வெளிறிய முகத்தோடு வயசாளி யாராவது டாக்டர் அறையிலிருந்து வந்தால் போதும், குடையும் கையுமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"நாலு வரன் இருக்கு. மொதல்ல குறையச் சொல்லிருதேன், பொறவு என்னையக் குத்தஞ் சொல்லப்பிடாது. மெஷின் மாப்ள வாரத்துக்கு மூணு நாள் தன் வீட்டுக்குக் கூப்பிடுவான், கையப் பிடிச்சா நாலு மணி நேரம் விடமாட்டான். வயித்து டயாலிசிஸ்காரன் வீட்டோட மாப்ள. அலைச்சல் இல்ல. ஆனா வயித்துல குழாய், தெனமும் மூணு நாலு தடவ தண்ணி மாத்தணும். கை சுத்தம் பத்தலன்னா கோவிச்சுக்கிட்டுக் காய்ச்சலக் குடுத்திருவான். மாத்துக் கிட்னி பெரிய எடத்துச் சம்பந்தம். நம்ம ஒடம்பு தாங்குமான்னு அவுகதான் பாத்துச் சொல்லணும். நாலாவது, ஒண்ணுமே வேண்டாம், மருந்தத் தின்னுக்கிட்டு இருக்கிற வரைக்கும் வலியில்லாம இருக்கேங்கது. கல்யாணமே வேண்டாங்கிற மாதிரி. அதுவும் மரியாதையான முடிவுதான், பாத்துக்கிடுங்க."

பத்தமடை வாத்தியார் ஒருவர் வீட்டோட மாப்பிள்ளைக்குத் தலையாட்டினார். அண்ணாச்சி விடுவாரா? மாப்பிள்ளை வீடு பார்க்கிற மாதிரி பஸ் ஏறி வாத்தியார் வீட்டுக்கே போய்விட்டார். தண்ணீர் டப்பா அடுக்க இடம் இருக்கிறதா என்று முழம் போட்டு அளந்தார். மருமகளிடம், "சோப்பு போட்டுக் கை கழுவுவியாம்மா?" என்று விசாரித்தார்.

"மொதல்ல ஒங்க கையக் காட்டுங்க" என்றாளாம் அவள்.

"கெட்டிக்காரி. முடிச்சிரலாம்" என்று வந்து சொன்னார்.

முதலில் சத்தம் போட்ட டாக்டர், பிறகு பிறகு, "வெளியே தரகர் இருக்கார், பேசிட்டு வாங்க" என்று அனுப்ப ஆரம்பித்துவிட்டார். இவரோ, "டாக்டர்ட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிடுங்க, நான் கோத்து விடுதவன்தான்" என்று உள்ளே திருப்பி அனுப்புவார். நடந்தே பாதிப் பேருக்குக் கால் வீக்கம் கூடியிருக்கும்.

"நீரு ஏன்வே வீட்டோட மாப்ளயப் பாக்கல?" என்று ஒருவர் மடக்கினார்.

"வீட்ல இருந்தா நான் யார்ட்டவே பேச?"

என் முறையும் வந்தது. எழுபத்திரண்டு வயது. இனித் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் மகன் ஸ்பீக்கரில் போட்ட போனில், "மெஷின்தான்" என்றான். பக்கத்தில் நின்ற மகள், "வயித்துலதான்" என்றாள். அரை மணி நேரம் வழக்கு. நடுவில் நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணாச்சி குடையால் தரையில் தட்டினார். "நல்லாத்தான் பேசுதிய. பொண்ணு சம்மதம் கேட்டியளா?"

"எந்தப் பொண்ணு?" என்றான் மகன்.

"இங்கன இருக்காகல்லா, ஒங்க அம்மா."

வராந்தாவே சிரித்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவர் சிரிக்கவில்லை. "யக்கா, எத விட்டா ஒங்களால முடியாது?"

"ஆத்துக் குளி" என்றேன். "குறுக்குத்துறையில முங்கலன்னா எனக்கு விடியாது."

"அப்ப வயித்துக் குழாய்க்காரன் சரிப்படமாட்டான். அவனுக்கு ஆத்துத் தண்ணி ஆகாது."

டாக்டரிடம் கேட்டோம். மெஷின் என்றால் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்போம், அந்த இடம் நன்றாக ஆறியபிறகு, ஊசி குத்தாத நாளில் குளிக்கலாம் என்றார்.

"சரி, மெஷினே இருக்கட்டும். பிடிக்கலன்னா?" என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"டாக்டர்ட்டச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்திரலாம். தாலியா கட்டிருக்கு?"

சம்மதத் தாளில் மகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் நர்ஸ். மூணாம் வகுப்புப் படித்தவள் நான். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரை நானே எழுதினேன்.

போன மாசியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம். அன்றைக்கும் ஒரு தரகர் வந்தார். அப்பாவிடம் பேசினார், சித்தப்பாவிடம் பேசினார், காபி குடித்தார், போனார். நான் அடுக்களையில் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு, ஐம்பத்தாறு வருஷம் பிந்தி, இந்தத் தரகர்தான் வர வேண்டியிருந்தது.