நடுத்தொரையும் பிரிட்டனின் செலவும்

பிரிட்டன் அரசாங்கம் பட்ஜெட் வாசிக்கும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் லண்டனில் இல்லை. இலங்கையில், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகிற பாதையில், என் கடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மூன்றாம் காம்பராவில் இருந்தார்.

தோட்டத்தில் பெரியதொரை என்றால் மேனேஜர். சின்னதொரை என்றால் அவருக்கு அடுத்தவர். நடுத்தொரை என்று ஒரு பதவி எந்தத் தோட்டத்திலும் கிடையாது, எங்கள் பக்கத்தைத் தவிர. ஆபீசுக்கும் தபால் கந்தோருக்கும் இடையே பையைச் சுமந்து நடந்தே ஓய்வு பெற்ற தப்பால்காரர் அவர். சொந்தப் பெயர் தபால் பெட்டிக்குள் விழுந்த கடிதம் மாதிரி எங்கோ போய்விட்டது. எந்தச் சண்டை வந்தாலும் நடுவில் போய் நிற்பார், அதனால் நடுத்தொரை. அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. தொரை என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

நடுவில் நிற்பதென்றால் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை. தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம் இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். இவர் ஒரு வருடம் இதிலும் மறு வருடம் அதிலும் சேர்ந்து, இரண்டு தலைவர்களிடமும் ஏச்சு வாங்கினார். மாரியம்மன் தேர் முதலில் மேட்டு லயத்துக்குப் போவதா பள்ளத்து லயத்துக்குப் போவதா என்று ஒரு வருடம் அடிதடி. இவர் போய், “ரெண்டுக்கும் நடுவால போகட்டும்” என்றார். கோபத்தில் இருந்தவர்கள் யோசிக்காமல் சரி என்றுவிட்டார்கள். நடுவில் இருந்தது கான், மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அந்த வருடம் அம்மன் மத்தியானம் வரைக்கும் கானுக்குள்ளேதான் அருள் பாலித்தாள். தேரைத் தூக்க இரண்டு லயத்து ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

“பாத்தியா தம்பி, ஒத்துமை வந்துருச்சு” என்றார் என்னிடம். முழங்கால் வரை சேறு.

நான் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவன். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், பாரம் நிரப்புவது, ஈமெயில். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது பெரிய உத்தியோகம், அதனால் பெரிய பயம். ஒருவருடைய அடையாள அட்டையைக் கொப்பி அடித்துவிட்டு, அசலைத் திருப்பிக் கொடுத்தேனா என்று வீட்டுக்குப் போன பிறகும் எழுந்து உட்கார்ந்து யோசிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கடையில்தான் நடுத்தொரை பிரிட்டனை நடத்திக்கொண்டிருந்தார். லயத்தில் சிக்னல் கிடையாது.

பிரிட்டன் அவருக்கு எப்படிச் சொந்தமானது என்று சொல்ல வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் சுகந்தி. அவள் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்க வைக்கிற வேலை. அந்த இல்லம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் வரைக்கும்தான் அவளுக்கு அந்த நாட்டில் விசா.

“அந்த எல்லத்துக்குக் காசு குடுக்குறது கவுன்சில். கவுன்சிலுக்குக் குடுக்குறது அரசாங்கம். மலையிலருந்து கொழாய்ல எறங்குற நம்ம பீலித் தண்ணி மாதிரிதான். மேல ஒருத்தன் அடைச்சான்னா கீழ எம்புள்ள கொடத்துல ஒரு சொட்டு விழாது. அப்ப மேல எவன் நிக்கிறான்னு நான் பாக்க வேணாமா?” என்று கேட்டார்.

பார்த்தார். போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். அங்கே பட்ஜெட் வாசிக்கும்போது இங்கே மாலையாகிவிடும். சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார். நிதி மந்திரி சிவப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டும்போது எழுந்து நிற்பார். போட்டோ கொப்பிக்கு வந்தவர்களும் ஏதோ தேசிய கீதம் என்று நினைத்துச் சேர்ந்து நிற்பார்கள்.

இங்கிலீஷில் அவருக்குப் பாதி புரியும். மீதியைத் தோட்டத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். பிரதமர் என்றால் பெரியதொரை. நிதி மந்திரி என்றால் ஆபீஸ் பெரிய கிளாக்கர். “பெரிய கிளாக்கர் கையெழுத்து வைக்காம பெரியதொரை தும்மக்கூட ஏலாது” என்பார்.

“பெரியப்பா, நீங்க இடதா வலதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இடதுகாரன் செலவழிப்பேங்கிறான், காசு எங்கருந்து வரும்னு சொல்ல மாட்டேங்கிறான். வலதுகாரன்கிட்ட கணக்கு இருக்கு, அதுல ஆளுங்க இல்ல. நடுவுல நிக்கிறவன் ரெண்டு பேத்துக்கும் தலையாட்டுறான். தலையாட்டிக்கிட்டே இருக்கிறவன் கையில கத்திய எடுக்க நேரம் இருக்காது. எம்புள்ளைக்கு அதான் நல்லது.”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் அரசியல் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் பின்னால் அவர் முகம் மாறியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

நடுவில் நிற்கிறோம் என்று சொல்லி அங்கே ஆட்சிக்கு வந்தவர்களே கையை இறுக்கிப் பிடித்தார்கள். குளிர்காலத்தில் முதியவர்களுக்குக் கொடுக்கிற காசை வெட்டினார்கள். சத்தம் வந்ததும் பலருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். நடுத்தொரை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“நடு நகந்துருச்சு தம்பி. நான் நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். அது என்னைய விட்டுட்டு எங்கயோ போவுது.”

அந்தச் சமயம்தான் சுகந்தி போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இல்லத்தில் ஆள் போதாதாம். கவுன்சில் கொடுப்பது காணாதாம். இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தி செய்கிறாளாம். கிழவிகளைக் குளிப்பாட்ட நேரம் இல்லாமல் முகத்தை மட்டும் துடைத்துவிட வேண்டியிருக்கிறதாம். மகள் அலுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அப்பா பெட்டிசன் எழுத உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து ஆட்களுக்குப் பெட்டிசன் என்பது சாப்பாடு மாதிரி. கூரை ஒழுகினால் பெட்டிசன், பீலி அடைத்தால் பெட்டிசன். அதற்கென்று ஒரு முறை உண்டு. விவரம் முழுதாக இருக்க வேண்டும். லயமே கையெழுத்து வைக்க வேண்டும். கடைசியில் ‘பிரதி’ என்று போட்டு, யாரைப் பற்றிப் புகாரோ அவருக்கே ஒன்று அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் கோள் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஆகவே சுகந்தி இருக்கும் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு மூன்று பக்கம் தயாரானது. மகளின் பெயர், இல்லத்தின் பெயர், எத்தனை கிழவர்கள், எத்தனை ஆட்கள், எல்லாம் இருந்தது. ‘தாங்கள் இடதுபுறமும் சாயாது வலதுபுறமும் சாயாது கவுன்சிலுக்குப் போதிய பணம் ஒதுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.’ ஒவ்வொரு காம்பராவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். நானும் மை டப்பியோடு கூடப் போனேன்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த லட்சுமி அக்கா, “இதுல கைநாட்டு வச்சா எங்க கூரைக்குத் தகரம் வருமா?” என்று கேட்டாள்.

“இது பிரிட்டன் கெழவிகளுக்கு.”

“அவங்க வூடும் ஒழுகுதா?”

“ஒழுகுது.”

“பாவம்” என்று சொல்லி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பெருவிரலை வைத்தாள்.

போனில் இருந்த மொழிபெயர்ப்பில் போட்டு இங்கிலீஷ் ஆக்கினோம். வந்தது இரண்டு பேருக்குமே சரியாக விளங்கவில்லை. சொற்கள் நீளமாக இருந்ததால் திருப்திப்பட்டோம். ஸ்கேன் பண்ணினேன். உறுப்பினரின் முகவரியும், பிரதிக்கு இல்லத்தின் முகவரியும் போட்டேன். பட்டன் மேல் விரலை வைத்ததும் எனக்கு வழக்கமான பயம் வந்தது.

“பெரியப்பா, சுகந்திகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புவமே.”

“கூரைக்கு எழுதுறப்ப கூரைகிட்டயா கேக்குறோம்? அமுக்குப்பா.”

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும். அதனால் என் பயத்தை நானே மதிப்பதில்லை. அமுக்கினேன்.

உறுப்பினரின் ஆபீசிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. தாங்கள் இந்தத் தொகுதியில் வசிக்காதபடியால் எதுவும் செய்ய முடியவில்லை, வருந்துகிறோம். நடுத்தொரை அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தரச் சொன்னார். இல்லத்திலிருந்து எங்களுக்குப் பதிலே வரவில்லை. அவர்கள் பேச வேண்டியது சுகந்தியோடு. பேசிவிட்டார்கள். இல்லத்தைப் பற்றி வெளியே போய்ச் சொல்கிறவளுக்கு இனிக் கையெழுத்துப் போட முடியாதாம். இரண்டு மாதத்துக்குள் வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும்.

அவள் அப்பாவுக்குப் போன் எடுக்கவில்லை. கடைக்கு எடுத்தாள்.

“அப்பாக்குத்தான் வெளங்கல. நீங்களாவது யோசிச்சிருக்கக் கூடாதாண்ணே?”

“யோசிச்சேம்மா” என்றேன். அதுதான் உண்மை.

“அவருகிட்ட சொல்லிருங்க, நான் இப்போதைக்குப் பேச மாட்டேன்.”

பிறகுதான் எனக்கு விளங்கியது. இங்கே ஒரு லயமே கையெழுத்து வைத்தால் தொரை யாரை என்று தண்டிப்பார்? பெட்டிசனின் பலமே அதுதான். எங்கள் லயம் முழுக்க இங்கே இருந்தது. அங்கே சுகந்தி மட்டும் தனியாக நின்றாள்.

நடுத்தொரை தினமும் கடைக்கு வந்தார். பட்ஜெட் பேசவில்லை. வாடிக்கையாளர் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து என் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் போன் அடித்தாலும் அவர் கால் தரையை விட்டு ஒரு தரம் எழும்பும். ஒருநாள் கேட்டார்.

“தம்பி, அங்க எந்தக் கட்சி வந்தா எம்புள்ள இருக்கலாம்?”

“தெரியல பெரியப்பா.”

“வெசாரிச்சு சொல்லு. எடதோ வலதோ, இனிமே நான் அந்தக் கட்சி.”

வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கமும் சாயாத மனிதர். சிரிக்க வேண்டிய பேச்சு. நான் கொப்பி மெஷினுக்குத் தாள் போடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது சுகந்தி கூப்பிட்டாள். வேறு ஊரில் ஒரு இல்லம் கிடைத்துவிட்டது. புது விசாவுக்கு மனுப் போட்டாகிவிட்டது. முடிவு வரும் வரைக்கும் நாட்டை விட்டு அசையக் கூடாது. “அப்பாகிட்ட சொல்லிருங்கண்ணே. ஞாயித்துக்கெழம லீவு. அன்னைக்கு நானே எடுக்குறேன்.”

கடையைத் திறந்து போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினேன். ஓடுகிற உடம்பில்லை எனக்கு. அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே, “எந்தக் கவுன்சில்?” என்று கேட்டார்.

அது வியாழக்கிழமை. மறுநாள் காலையில் நெஞ்சு வலி என்றார். திரீவீலரில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுகந்தியால் வர முடியவில்லை. கிளம்பினால் மனு அதோடு சரி. எரிக்கிறவரைக்கும் அவள் பார்க்கிறதுக்காக நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு எடுக்கிறாள். ஏன் எடுக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. போன வாரம், வேறு பேச்சு வராமல், “உங்க கவுன்சில் இந்த வருசம் காசு ஏதாச்சும் கூட்டிக் குடுத்துச்சாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

நடுத்தொரை கேட்கிற கேள்வி அது. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன்.

“இன்னொரு தடவ கேளுங்கண்ணே” என்றாள்.

கேட்டேன்.