பாவத்தை இழுத்த காந்தம்

திண்டுக்கல்லில் அந்த மாதம் கோயில்களே ஈ ஓட்டின. கூட்டமெல்லாம் காந்தச்சாமி கொட்டகையில்!

சாமி கொடுக்கும் திருநீற்றைப் பெரிய காந்தத்தின் முன்னால் உதிர்க்க வேண்டும். நேராக விழுந்தால் புண்ணியவான். காந்தத்தின் பக்கம் சாய்ந்தால் பாவி. பாவிகள் அங்கேயே பூட்டு வாங்கிப் பாவத்தைப் பூட்டிவிட வேண்டும். பூட்டுக் கடையும் சாமியுடையதே என்பது தெய்வச் செயல். தினமும் முதலில் சாமியே உதிர்த்துக் காட்டுவார். கோடு போட்டாற்போல் விழும்.

பழனியம்மாளை அங்கே இழுத்து வந்தவள், மாப்பிள்ளையின் தாய் நிலக்கோட்டைக் கருப்பம்மாள். ஜாதகம் பொருந்திப் பரிசமும் போட்டாயிற்று. சாம்பலும் பொருந்த வேண்டுமாம்! மதுரையில் இரசாயனம் படித்த பழனியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்துக்காகக் கை நீட்டினாள்.

சீடன் இரண்டு டப்பாக்களில் ஒன்றைத் திறந்தான். கல்யாணப் பெண்ணென்றால் பெரிய பூட்டு விற்குமே! அவள் உதிர்த்த சாம்பல் சாய்ந்தது.

“ஆத்தாடி! இந்தச் சம்பந்தமே வேணாம்!” கருப்பம்மாள் எழுந்துவிட்டாள். அப்பா தலைகுனிந்தார்.

“பாவம் கனம், அதான் வளைஞ்சிருச்சு,” என்றார் சாமி. “சீமையில காந்த மிஷின் வெச்சு அணுவையே இப்படித்தான் எடை போடுறான்.”

அங்கேதான் வசமாக மாட்டினார்.

“அந்த மிஷினைப் பத்திப் படிச்சிருக்கேன் சாமி,” என்றாள் பழனியம்மாள். “பொருளை ஆவியாக்கி, மின்சாரம் ஏத்தி, காந்தத்துக்கு நடுவுல ஓட விடுவாங்க. லேசான அணு ரொம்ப வளையும். கனமானது கொஞ்சந்தான் வளையும். எங்க போயி விழுகுதுன்னு பாத்து எடை சொல்லுவாங்க. அப்படிப் பாத்தா என் பாவம் லேசு. நேரா விழுகுற உங்க பாவந்தான் அம்புட்டுக் கனம்!”

கூட்டம் சிரித்தது.

“அதிகப்பிரசங்கி!” என்று சீறினார் சாமி.

“இருக்கட்டும். எனக்குக் குடுத்த சாம்பலை இப்ப நீங்க உதுருங்க.” சீடன் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிச் சாமியின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். அவர் கையை உதறினார், சாம்பல் உதிர்ந்தது. சாமியின் சாம்பலும் சாய்ந்தது! காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்தது.

கூட்டத்தில் நின்ற பூட்டுப் பட்டறை மூக்கையா அதைத் தொட்டுப் பார்த்தான். “ஏலே, இது எங்க பட்டறையில அரத்தால ராவுற இரும்புப் பொடிடா! இவன் ஆளுதான மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறான்!”

சாமி கொட்டகையின் பின்பக்கமாகப் பாய்ந்தார். புண்ணியவான், நேராக ஓடினார்.

“வாத்தா மருமகளே, முகூர்த்தம் குறிச்சிருவோம்,” என்று கருப்பம்மாள் குழைந்தாள்.

“வேணாம் அத்தை. என்னையக் கேக்காம சாம்பலைக் கேட்ட வீட்டுக்கு நான் வாரதா இல்ல.”

அப்பா நிமிர்ந்து மகளோடு நடந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதும் குனிந்து, சிந்திய சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புப் பொடி பூசிய பக்தர்களே, அந்த நெற்றிக்குப் பின்னால் இருப்பதையும் ஒரு முறை அரம்போட்டு ராவுங்கள், துருப்பிடித்துக் கிடக்கிறது.